பாரம் தூக்கும் சங்கிலிக்கு நீங்களே சாயம் பூசாதீர்கள்

மலேசிய மலைப்பகுதியான கம்போங் ராஜாவில் இரும்பு முழுதாகக் காயும் நாள்கள் குறைவு. பனிமூட்டம் விலகினால் மழை, மழை விட்டால் மறுபடி பனிமூட்டம். புளூ வேலி தேயிலைத் தோட்டப் பக்கமும் சரி, காய்கறித் தோட்டங்களிலும் சரி, சங்கிலி இல்லாத வேலை இல்லை. பட்டறையில் என்ஜினைத் தூக்கும் செயின் பிளாக், சகதியில் சிக்கிய வண்டியை இழுக்கும் சங்கிலி, சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கும் லோரியின் பாரத்தைக் கட்டும் சங்கிலி என்று பலவகை. இவற்றை ஈரம் மட்டும் அரிப்பதில்லை. அம்மோனியம் சல்பேட் உரம் ஈரத்தில் கரைந்தால் அமிலத்தன்மை கொள்ளும். பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு துருவை விரைவுபடுத்தும். அதனால் உரக் கொட்டகைக்குள் மாட்டிய சங்கிலிக்கு, தலைக்கு மேல் கூரை இருந்தும் பாதுகாப்பு இல்லை.

துருவைக் கண்டதும் பலர் செய்வது ஒன்றுதான்: சாயம் அடிப்பது. இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. கனமாக அடித்த சாயம் வெடிப்பை மூடிவிடும். உள்ளே துரு தின்றுகொண்டிருப்பதும் தெரியாது. அதற்குப் பதில், சங்கிலியைத் தரையில் தளர்வாகப் போட்டு, ஒவ்வொரு வளையத்தையும் திருப்பி, அடுத்த வளையம் உட்கார்ந்து உராயும் உள்வளைவைப் பாருங்கள். தேய்மானம் அதிகம் தெரியும் இடம் அதுதான். பத்து மில்லிமீட்டர் கம்பி அங்கே ஒன்பதாகக் குறைந்திருந்தால், ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். கம்பி சுற்றிலும் அப்படித் தேய்ந்திருந்தால், பாரத்தைத் தாங்கும் பரப்பில் 19 விழுக்காடு போய்விட்டது. பாரம் தூக்கும் சங்கிலி தடிமனில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே கழித்துவிட வேண்டும் என்பதுதான் பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு.

சாயத்தைவிடக் கொடியது, ‘கால்வனைஸ்’ செய்து தருகிறேன் என்று சொல்லும் கடையில் பாரச் சங்கிலியைக் கொடுப்பது. வளையத்தில் 8, 80, 10, 100 என்று பொறித்திருந்தால் அது வெப்பப் பதம் ஏற்றிய உயர்வலுச் சங்கிலி. துத்தநாகம் பூசுமுன் அதை அமிலத்தில் கழுவுவார்கள். அப்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மை உள்ளதாக்கும். பிறகு முக்கியெடுக்கும் துத்தநாகக் குழம்பின் சூடு ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ். கிரேட் 80 சங்கிலியை 400 டிகிரிக்கு மேல் பயன்படுத்தவே கூடாது என்றிருக்க, அந்தச் சூட்டில் பதம் என்னவாகும்? பளபளவென்று திரும்பி வரும் சங்கிலி, முன்னறிவிப்பே இல்லாமல் அறுந்து விழலாம். துருப்பிடிக்காத பூச்சு வேண்டுமென்றால், தயாரிப்பாளரே பூசிச் சான்றிதழோடு தரும் சங்கிலியை வாங்குவது ஒன்றே வழி. கேட், வேலிக்குப் போடும் சாதாரணச் சங்கிலிக்கு கால்வனைஸ் தாராளமாகப் போதும். அதையும் உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அமிலம் துத்தநாகத்தையும் கரைக்கும்.

கையிலிருக்கும் நல்ல சங்கிலியைக் காப்பது செலவில்லாத வேலை. சேற்றைக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் கொடுத்து, காற்றோட்டமான இடத்தில் மாட்டிவிடுங்கள். என்ஜினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் அபாயம் உண்டு. மலேசியச் சட்டத்தில் அது எஸ்டபிள்யூ 305 என்ற அட்டவணைக் கழிவு, கண்ட இடத்தில் கொட்டவும் கூடாது. தேயிலை உலர்த்தும் இயந்திரத்தில் தட்டுகளை நகர்த்தும் சங்கிலிக்கு, உணவுக்கு ஏற்றதென்று சான்று பெற்ற எண்ணெய்தான் போட வேண்டும்.

சங்கிலியைச் சோதிப்பதும் மாற்றுவதும் முதலாளியின் கடமை. தொழிலாளியின் சம்பளத்தில் அதற்காக ஒரு காசும் பிடிக்கக்கூடாது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நீங்கள் நம்பி, அதைத் தெரிவித்தும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையையும் இச்சட்டம் தருகிறது. அதற்காக உங்களைப் பழிவாங்கக்கூடாது. ஆகவே மண்டோரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். தேய்ந்த வளையத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, தேதி போட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் ஜேகேகேபி எனப்படும் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் புகார் கொடுங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கும் சொல்லுங்கள்.

விபத்து நடந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். ‘வீட்டில் விழுந்தேன்’ என்று மருத்துவமனையில் எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இழப்பீடு அந்த வரியோடு போய்விடக்கூடும். உங்களோடு வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி 1 முதல் சொக்சோவின் வேலைக் காயத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இது தெரியாது. எடுத்துச் சொல்லுங்கள்.