கச்சேரிச் சீட்டும் கந்தர்வ வித்தையும்

சென்ற மாதம் ஒருநாள் மாலை என் விடுதி அறைத் தோழர் ஏதோ ஒரு படிவத்தை வெகு கவனமாகப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். அவர் மிரஜ் பக்கத்து மராட்டியர்; பௌதிகம் படிப்பவர். 'என்ன படிவம்?' என்று கேட்டேன். 'விசாரத் பரீட்சைக்கு' என்றார். பௌதிகத்தில் அப்படி ஒரு பரீட்சை உண்டா என்று நான் விழிக்க, அவர் சிரித்துக்கொண்டே, 'சங்கீதத்திற்கப்பா!' என்றார்.

நம் ஊரில் பாட்டுப் பயிலும் பிள்ளையைப் பார்த்தால், 'எத்தனை வர்ணம் பாடம் ஆயிற்று?' என்று கேட்பது வழக்கம். இங்கோ, 'எந்தப் பரீட்சை வரை வந்திருக்கிறாய்?' என்று கேட்கிறார்கள். நமக்கும் சங்கீதப் பரீட்சைகள் உண்டுதான். ஆனால் இங்கே அது ஊர் வழக்காகவே ஆகிவிட்டது. எப்படி ஆயிற்று என்று விசாரிக்கப் போய், ஒரு பள்ளிக்கூடத்தின் கதையில் வந்து நின்றேன்.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் புலத்தின் அரங்கத்திற்குப் பண்டித ஓம்கார்நாத் தாகூரின் பெயர் சூட்டியிருப்பதை நண்பர்கள் அறிவார்கள். 1950இல் இங்கே இசைக் கல்லூரி தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவரே. அவர் பயின்ற பள்ளியும், என் தோழர் எழுதப்போகும் பரீட்சையும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. அந்த மூலம் 1901 மே 5ஆம் நாள் லாகூரில் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் தொடங்கிய கந்தர்வ மகாவித்தியாலயம்.

பலூஸ்கர் 1872இல் குருந்த்வாட் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதில் பட்டாசு வெடித்துக் கண்பார்வை பெரிதும் பழுதுபட்டது. படிப்புக்கு வழியில்லாமல் போகவே, மிரஜில் பாலகிருஷ்ணபுவா இசல்கரஞ்சிகரிடம் குவாலியர் வழிச் சங்கீதம் கற்க அனுப்பினார்கள். அங்கே நடந்ததாக ஒரு செய்தி சொல்வார்கள். ஊரில் ஒரு வைபவம், சமஸ்தானத்தின் ஆதரவு பெற்ற சீடருக்கு அழைப்பு வந்தது, குருவுக்கு வரவில்லை. காரணம் கேட்டபோது, 'அவர் வெறும் பாட்டுக்காரர்தானே' என்று பதில் கிடைத்ததாம். சீடர் மனத்தில் அது முள்ளாய்த் தைத்தது. 1896இல் மிரஜை விட்டுப் புறப்பட்டார்.

புறப்பட்டவர் செய்த காரியம்தான் புதுமை. அக்காலத்தில் சங்கீதம் அரண்மனையில் நடக்கும், கோயிலில் நடக்கும், செல்வர் வீட்டுக் கூடத்தில் நடக்கும். கேட்பதற்கு அழைப்பு வேண்டும். பலூஸ்கரோ சௌராஷ்டிரத்தில் பொதுமக்களுக்காகவே கச்சேரி வைத்தார். சீட்டு வாங்கியவர் எவரும் வந்து உட்காரலாம் என்ற ஏற்பாடு இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. அன்று அது பாடகரின் எஜமானரையே மாற்றிய ஏற்பாடு. குறித்த நேரத்தில் தொடங்குவது, சபையில் அமைதி வேண்டுவது, பெண்களும் கூச்சமின்றிக் கேட்கும்படி சிருங்காரச் சொற்களை நீக்கிப் பக்திப் பாடல்களைச் சேர்ப்பது ஆகியவற்றில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

லாகூர்ப் பள்ளியும் இதே வழியில் நடந்தது. அரசர் மானியத்தை நம்பாமல், பொதுமக்களின் ஆதரவாலும் நன்கொடையாலும் நடந்த முதல் இசைப் பள்ளிகளுள் ஒன்று என்று அதைச் சொல்வது இதனால்தான். மாலையில் வந்து பயின்று போகும் மாணவர் ஒரு வகை. பள்ளியிலேயே உண்டு உறங்கி, பல ஆண்டுகள் தங்கிப் படிப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தவர் மற்றொரு வகை. பின்னாளில் ஊர் ஊராகப் போய்ச் சங்கீதம் கற்பிக்க வேண்டியவர்கள் இவர்களே. வகுப்புக்குப் பாடநூல் வேண்டுமே! அவரே ஒரு சுரக்குறி முறையை அமைத்தார், நூல்களை அச்சிட்டார். (தாள நுணுக்கங்களைக் காட்டுவதில் அது திறமையானதுதான். ஆனால் எளிமை காரணமாகப் பாத்கண்டேயின் முறையே பின்னர் அதிகம் பரவியது. என் தோழர் இரண்டையும் படித்துத் தலையைச் சொறிகிறார்.)

1908இல் பம்பாயிலும் பள்ளி தொடங்கியது. மாணவர் பெருகினர். கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பினார் பலூஸ்கர். இங்கேதான் சிக்கல். தங்கிப் படிக்கும் மாணவர் கூடக் கூடச் செலவு கூடும், வரவு கூடாது. வரவுக்குப் பெரும்பாலும் ஆசிரியரின் குரல் ஒன்றே வழி. கடனை அடைக்க அவர் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். கச்சேரிக்குப் போனால் பள்ளியைக் கவனிக்க முடியாது. பள்ளியில் இருந்தால் வட்டி ஏறும். கடைசியில் கடன்காரர்கள் முந்திக்கொண்டார்கள். 1924இல் கட்டடம் ஏலத்தில் போயிற்று. அதற்கு முந்திய ஆண்டுதான் காக்கிநாடா காங்கிரசில், தலைவரின் ஆட்சேபணைக்கும் அஞ்சாமல் 'வந்தே மாதரம்' பாடி முடித்த மனிதர் அவர்! பிறகு நாசிக்கில் ராம நாம ஆசிரமத்தில் காலம் கழித்து, 1931 ஆகஸ்டில் மிரஜில் மறைந்தார்.

இதைப் படித்தபோது என் நினைவு என் பாட்டு வாத்தியாரிடம் போயிற்று. கும்பகோணத்துப் பக்கம் ஒரு தெருவில், திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் இன்னதென்று வாய் திறந்து கேட்டதில்லை. விஜயதசமியன்று தட்டில் வைத்துக் கொடுத்ததுதான் ஆண்டு வருமானத்தில் பெரிய தொகை. நாங்கள் கொடுத்தது போதுமா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் யோசித்ததில்லை. நானும் இந்தக் கதை கையில் கிடைக்கும்வரை யோசிக்கவில்லை.

பலூஸ்கர் செய்ததில் குறையும் உண்டு, மறைப்பானேன்? பள்ளியின் பிரார்த்தனையும் பஜனையும் நடுத்தரக் குடும்பங்களை உள்ளே அழைத்து வந்தன. ஆனால் அதுவரை அந்த வித்தையைக் காத்துவந்த முஸ்லிம் உஸ்தாதுகளுக்கும், பாடிப் பிழைத்த கணிகையர்க்கும் அந்தக் கூடத்தில் இடம் சுருங்கியது. நம் பக்கத்தில் தேவதாசி குலத்துக் கலைஞர்களுக்கு நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பழிக்கப்பட்ட தொழிலை மதிப்புள்ளதாக்க முனைந்தபோது, அந்தத் தொழிலில் பழகிய கைகள் சில வெளியே நின்றுவிட்டன.

கட்டடம் போயிற்று, பள்ளி போகவில்லை. அவர் மறைந்த 1931ஆம் ஆண்டிலேயே சீடர்கள் கூடி அகில பாரதிய கந்தர்வ மகாவித்தியாலய மண்டலம் அமைத்தார்கள். என் தோழரின் பரீட்சையை நடத்துவது அந்த மண்டலமே. விநாயகராவ் பட்வர்தன் 1932இல் புனேயில் பள்ளி வைத்தார். தேவ்தர் பம்பாயில் வைத்த பள்ளியில் குமார் கந்தர்வர் பயின்றார். பலூஸ்கரின் மகன் டி. வி. பலூஸ்கர் தந்தையை இழந்தபோது பத்து வயதுப் பாலகர். தந்தையின் சீடர்களே அவருக்குக் கற்பித்தார்கள். 1955இல் முப்பத்து நான்காம் வயதில் அவரும் மறைந்தார். அதற்குள் அவர் பதிந்து வைத்த இசைத்தட்டுகள் இன்னும் கேட்கக் கிடைக்கின்றன, தவறாமல் கேளுங்கள்.

பட்வர்தனின் சீடர் விநயசந்திர மௌத்கல்யர் 1939இல் டில்லியில் தொடங்கிய கந்தர்வ மகாவித்தியாலயம் இன்றும் நடக்கிறது. பலூஸ்கர் பிறந்த ஆகஸ்டு மாதத்தையொட்டி அவர் பெயரால் இசை விழா நடத்துவது அதன் வழக்கம். பள்ளி கச்சேரி நடத்துவதும், கச்சேரி கேட்டவர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் லாகூரில் போட்ட வித்தின் விளைவே. சென்னையிலும் இந்த ஜோடி உண்டு. 1927 காங்கிரசையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்த சங்கீத வித்வத் சபை, 1931இல் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரியையும் தொடங்கிற்று.

தோழருக்குச் செய்முறைப் பரீட்சை அடுத்த மாதம். தம்பூரா செய்வதில் பேர்பெற்ற மிரஜிலிருந்து வந்தவரிடம் தம்பூரா இல்லை. கைப்பேசியில் சுருதி வைத்துக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகிறார். எனக்குத் தூக்கம் கெடுகிறது. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வாத்தியார் வீட்டுக்கு ஒரு நடை போய்வர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.