பழைய லாரிக்கு வேறு டீசல் பம்பு

டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தக் காற்றுக்குள் நாசில் வழியே டீசலைப் பீய்ச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது. எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில், எவ்வளவு அழுத்தத்தில் என்ற மூன்றையும் முடிவு செய்வது எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் எரிபொருள் பம்பு. பட்டறைகளில் இதை டீசல் பம்பு என்றும் எஃப்.ஐ.பி. என்றும் சொல்வார்கள். பழைய லாரிகளில் இந்தப் பம்பைக் கழற்றிவிட்டு வேறு வகைப் பம்பைப் பொருத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

நியூ டவுனும் பழைய லாரிகளும்

பழைய லாரிகளை நம்பிய ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவின் கிழக்கே ராஜர்ஹாட் பகுதியில் உருவான நியூ டவுன், லாரிகள் சுமந்து வந்து கட்டிய நகரம் எனலாம். 1999இல் ஹிட்கோ என்ற அரசு நிறுவனம் அமைந்த பின் அங்கே எழுந்த ஒவ்வொரு அடுக்குமாடிக்கும் மணலும் ஜல்லியும் செங்கல்லும் லாரியில்தான் வந்தன. பீர்பூம், பாகூர் கல்குவாரிகளின் ஜல்லி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தது. இத்தகைய சரக்குக்கு வாடகை குறைவு, சுமை அதிகம். வாங்கிக் கடன் தீர்ந்த பழைய லாரிதான் இதில் கட்டுப்படியாகும்.

ஆனால் பழைய லாரிக்கு அங்கே ஓர் எல்லையும் விழுந்தது. கொல்கத்தா பெருநகரப் பகுதியில் 1993 ஜனவரி 1க்கு முன் பதிவான வணிக வாகனங்கள் ஓடக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008 ஜூலையில் உத்தரவிட்டது. 2009 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. நியூ டவுன் அந்தப் பெருநகரப் பகுதிக்குள்தான் இருக்கிறது. ஆகவே அங்கே பம்பு மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் லாரி உரிமையாளர், எஞ்சினோடு சேர்த்து வண்டியின் மிச்ச ஆயுளையும் கணக்கிட வேண்டியிருக்கிறது.

எந்த எஞ்சின், எந்தப் பம்பு

வங்காளச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய டாடா லாரிகளின் எஞ்சினுக்கு ஜெர்மானிய வேர் உண்டு. டாடாவின் டெல்கோ நிறுவனம் 1954இல் டைம்லர்-பென்ஸுடன் கைகோத்து லாரி தயாரிக்கத் தொடங்கியது. அந்த ஒப்பந்தம் 1969இல் முடிந்த பின்னும் எஞ்சின் வடிவமைப்பு தொடர்ந்தது. டாடா 697 எஞ்சின், மெர்சிடிஸின் ஓ.எம். 352 எஞ்சினின் வழி வந்தது: ஆறு சிலிண்டர், 97 மி.மீ. போர், 128 மி.மீ. ஸ்ட்ரோக், சுமார் 5.7 லிட்டர் கொள்ளளவு.

இவ்வகை எஞ்சின்களுக்குப் பம்பு செய்து கொடுத்தது பெங்களூரின் மைகோ. 1951இல் தொடங்கிய இந்த நிறுவனம் 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் 1927இல் வரிசைப் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகே லாரிகளில் டீசல் எஞ்சின் பரவலாக வழி பிறந்தது.

வரிசைப் பம்பில், அதாவது இன்லைன் பம்பில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எலிமெண்ட் உண்டு. பிளஞ்சரும் பேரலும் சேர்ந்ததே எலிமெண்ட். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அடியில் சுழலும் கேம் ஷாஃப்ட் பிளஞ்சரை மேலே தள்ளும். பிளஞ்சரின் பக்கத்தில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். ரேக் என்ற பல்தண்டு பிளஞ்சரைச் சற்றுத் திருப்பினால், பள்ளம் திறக்கும் இடம் மாறி டீசலின் அளவு கூடும் அல்லது குறையும். ரேக்கை இழுத்துப் பிடிப்பது கவர்னர். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கட்டளை கவர்னருக்குப் போகிறது. ரேக்கை எவ்வளவு நகர்த்துவது என்று கவர்னர்தான் தீர்மானிக்கிறது.

அளவின் நுட்பத்துக்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிடத்துக்கு 1,400 முறை டீசல் பாய வேண்டும். ஆறுக்குமாக 8,400 முறை. ஒரு முறைக்கு 50 கன மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு சொட்டுத் தண்ணீரின் அளவு, என்று வைத்தால் மணிக்கு 25 லிட்டர் ஆகிறது. அந்தச் சொட்டில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் புகையும் டீசல் செலவும் உடனே தெரியும்.

பம்பின் குலங்கள்

பாஷ் வரிசைப் பம்புகளில் ஏ வகை நடுத்தர லாரிகளுக்கானது. நாசில் பக்கம் அது தாங்கும் அழுத்தம் 750 பார் அளவில் நிற்கும். பி வகையின் உடல் பக்கவாட்டில் திறப்பில்லாமல் ஒரே வார்ப்பாக இருப்பதால் உறுதி அதிகம். அதில் பி-7100 என்ற மாதிரி 1,100 பாருக்கு மேல் தாங்கும். அழுத்தம் கூடினால் டீசல் நுண்துளியாகச் சிதறி நன்றாக எரியும்.

இவை தவிர ரோட்டரி பம்பு என்ற இன்னொரு குலம் உண்டு. அதில் டீசலை அழுத்தும் அமைப்பு ஒன்றே. அதுவே சுற்றி வந்து எல்லாச் சிலிண்டருக்கும் பங்கிடும். பாஷின் வி.ஈ., சென்னை அருகே மண்ணூரில் டெல்ஃபி-டி.வி.எஸ். தயாரித்த ரோட்டரி பம்புகள் ஆகியவை இந்த வகை. எடை குறைவு, விலை குறைவு. ஆனால் வி.ஈ. பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலே மசகு. வரிசைப் பம்பின் கேம் ஷாஃப்டுக்கு எஞ்சின் ஆயில் தேவை. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் பொருத்தும்போது இந்த வேறுபாடு முதலில் குறுக்கே நிற்கிறது.

ஏன் மாற்றுகிறார்கள்

காரணங்கள் மூன்று. பழைய பம்புக்கு எலிமெண்ட்டோ உதிரிபாகமோ கிடைக்காமல் போவது ஒன்று. கூடுதல் இழுவிசைக்காக அதிக டீசல் தரும் பம்பைத் தேடுவது இன்னொன்று. மின்னணுப் பம்பு பழுதாகும்போது, கையால் பிரித்து மாட்டக்கூடிய இயந்திரப் பம்புக்குத் திரும்புவது மூன்றாவது.

மூன்றாவதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டாட்ஜ் பிக்கப் வண்டிகள். அவற்றில் இருந்தது 5.9 லிட்டர் கம்மின்ஸ் பி வரிசை எஞ்சின். 1989 முதல் 1993 வரை அதற்கு வி.ஈ. பம்பு, 1994 முதல் 1998 வரை பி-7100, அதன் பின் 2002 வரை வி.பி. 44 என்ற மின்னணு ரோட்டரி பம்பு. வி.பி. 44க்குக் குளிர்ச்சியும் மசகும் டீசல்தான். டாங்கியிலிருந்து டீசல் தரும் ஃபீட் பம்பு தளர்ந்தால் அது வெந்து போகும். அதனால் பலர் அதைக் கழற்றி, முந்தைய தலைமுறையின் பி-7100ஐ மாட்டினார்கள். வி.ஈ. பம்பு இருந்த வண்டிக்காரர்களும் சக்திக்காக அதையே செய்தார்கள்.

இதே பி வரிசை எஞ்சின் இந்தியாவுக்கு அந்நியமானதல்ல. 1993இல் அமைந்த டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம், கொல்கத்தாவுக்கு மேற்கே ஜம்ஷெட்பூரில் அதைத் தயாரித்து டாடா லாரிகளுக்கு வழங்கியது.

டாட்ஜில் இந்த மாற்றம் கைகூடியதற்குக் காரணம், இரண்டும் ஒரே எஞ்சின் குடும்பத்தில் தொழிற்சாலையே பொருத்திய பம்புகள் என்பதே. அப்படியும் டைமிங் கியர் உறையையே மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு எஞ்சின் கேம் ஷாஃப்டை வெளியே எடுக்க வேண்டும். ஆயில் வழி, கூடுதல் அழுத்தம் தரும் ஃபீட் பம்பு, புதிய ஹை பிரஷர் பைப்புகள், ஆக்சிலரேட்டர் கம்பி, எஞ்சினை நிறுத்தும் சாலினாய்டு என ஒவ்வொன்றும் மாறின.

பொருத்தம் பார்ப்பது எப்படி

முதலில் பம்பின் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும். பாஷ், மைகோ பம்புகளில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை பொறித்திருக்கும். "பி.ஈ.எஸ். 6 ஏ 90" என்று தொடங்கினால், ஃபிளாஞ்சில் மாட்டும் வரிசைப் பம்பு, ஆறு சிலிண்டர், ஏ வகை, 9 மி.மீ. பிளஞ்சர் என்று பொருள். தொடர்ந்து வரும் ஆர் அல்லது எல் என்ற எழுத்து, பம்பு வலப்பக்கம் சுழல்வதா இடப்பக்கம் சுழல்வதா என்று சொல்லும். சுழலும் திசை மாறினால் கேம் அமைப்பே தலைகீழாகிவிடும்.

அடுத்தது எரிவரிசை. 697 எஞ்சினுக்கும் கம்மின்ஸ் பி வரிசைக்கும் 1-5-3-6-2-4. பம்பின் கேம்கள் அதே வரிசையில், 60 டிகிரிக்கு ஒன்றாக டீசல் தள்ள வேண்டும்.

மூன்றாவது கவர்னர். பழைய சாமான் சந்தையில் பளபளப்பாகக் கிடைக்கும் பம்பு ஜெனரேட்டரிலிருந்து வந்ததாக இருக்கலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக எஞ்சினை 1,500 சுற்றில் நிலைநிறுத்துவதே அந்தக் கவர்னரின் தொழில். அதை லாரியில் மாட்டினால் வண்டி வேகமெடுக்காது. மாறாக, உச்ச வேகம் அதிகமாக வைத்த கவர்னர் வந்து சேர்ந்தால் எஞ்சின் அளவு மீறி ஓடி வால்வு வளையும்.

நான்காவது டர்போ. டர்போ எஞ்சினின் பம்பில், காற்றழுத்தம் ஏறிய பிறகே முழு டீசலை விடும் டயஃப்ரம் அமைப்பு பெரும்பாலும் இருக்கும். டர்போ இல்லாத எஞ்சினில் இந்தப் பம்பை மாட்டினால் அழுத்தம் வராததால் டீசல் குறைந்து வண்டி மேடு ஏறத் திணறும். அந்த அமைப்பைக் கட்டிவிட்டு ஓட்டினாலோ கரும்புகைதான்.

ஐந்தாவது நாசிலும் பைப்பும். நாசில் திறக்கும் அழுத்தமும் துளைகளின் அளவும் பம்புக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். ஆறு ஹை பிரஷர் பைப்புகளும் ஒரே நீளத்திலும் ஒரே உள்விட்டத்திலும் இருப்பது தற்செயல் அன்று. நீளம் மாறினால் அழுத்த அலை போய்ச் சேரும் நேரமும் மாறும்.

டைமிங்கும் டெஸ்ட் பெஞ்சும்

பம்பை வண்டியில் ஏற்றுமுன் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். மோட்டார் பம்பைச் சுழற்ற, ஒவ்வொரு எலிமெண்ட் தரும் எண்ணெயும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் சேரும். ஆறு குழாய்களிலும் மட்டம் ஒத்துவரும்வரை சரிசெய்வதே கேலிபரேஷன். ஐடிலில், நடு வேகத்தில், முழுச் சுமையில், கவர்னர் வெட்டும் வேகத்தில் எனப் பல நிலைகளில் அளக்க வேண்டும். இதற்கு அந்த எஞ்சினுக்கான தயாரிப்பாளரின் அளவு அட்டவணை வேண்டும். வேறு எஞ்சினின் பம்பு வந்தால் அட்டவணையும் வேறு. அது கிடைக்காவிட்டால் மெக்கானிக்கின் காதும் புகையின் நிறமும்தான் அளவுகோலாகும்.

மாட்டும்போது முதல் சிலிண்டரின் நிலையை ஃப்ளைவீல் குறியோடு சேர்த்துப் பம்பைப் பூட்டுவார்கள். பழைய முறையில், முதல் எலிமெண்டின் டெலிவரி வால்வைக் கழற்றி, வளைந்த குழாய் ஒன்றை மாட்டி, எஞ்சினை மெல்லச் சுற்றுவார்கள். குழாயில் டீசல் சொட்டுவது நிற்கும் இடமே பம்பு தள்ளத் தொடங்கும் இடம். டைமிங் முந்தினால் எஞ்சின் தட்டும். சிலிண்டர் அழுத்தம் ஏறி ஹெட் கேஸ்கெட் போகும். பிந்தினால் இழுவை குறையும், எஞ்சின் சூடேறும், குளிர்ந்த நிலையில் வெண்புகை வரும்.

அளவைக் கூட்டுவதால் மட்டும் சக்தி வருவதில்லை. கூடுதல் டீசலுக்குக் கூடுதல் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் எரியாத கரி புகையாக வெளியேறும், எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும், பிஸ்டன் தலை உருகும்வரை போகலாம். கிளட்ச், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ஆகியவையும் பழைய சக்திக்காகவே அளவிட்டவை.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை உண்டு. பதிவுச் சான்றிதழில் பம்பின் பெயர் இருக்காது. ஆனால் எஞ்சினின் மாசு அளவுக்குச் சான்று வாங்கும்போது பம்பின் வகையும் அந்தச் சான்றின் பகுதியாகிறது. புகைச் சோதனையில், பி.எஸ். 4 மாசுத் தரத்துக்கு முந்தைய டீசல் வண்டிக்கு உச்ச வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் புகை அலகு, பி.எஸ். 4 வண்டிக்கு 50. மின்னணு காமன்ரெயில் எஞ்சினைப் பிரித்து இயந்திரப் பம்பு மாட்டினால் இந்த வரம்புக்குள் நிற்பது கடினம். சட்டப்படியும் அது வேறு எஞ்சினாகிவிடும்.

மாற்றுமுன் செய்ய வேண்டியது

இழுவை குறைந்தது, புகை கூடியது என்று வரும் லாரிகளில் எப்போதும் பம்பே குற்றவாளியாக இருப்பதில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, ஃபீட் பம்பு தளர்ச்சி, டாங்கி பைப்பில் காற்றுக் கசிவு, நாசில் தேய்மானம், வால்வு இடைவெளி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். வங்காளத்தின் நீண்ட மழைக்காலத்தில் டீசலில் தண்ணீர் சேர்ந்தால் பிளஞ்சர் துருப்பிடிக்கும். ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரை வடிப்பது எந்தப் புதுப் பம்பையும் விட மலிவு.

பம்பே தேய்ந்திருந்தால், எலிமெண்ட்டும் டெலிவரி வால்வும் மாற்றி அதே பம்பைக் கேலிபரேஷன் செய்வது முதல் தேர்வு. அது முடியாதபோது அதே எஞ்சின் மாதிரிக்கான அதே எண்ணுள்ள பம்பு இரண்டாவது. எஞ்சின் குடும்பம் ஒன்றாக இருந்து, தயாரிப்பாளரே இரண்டு வகைப் பம்பையும் பயன்படுத்தியிருந்தால் வேறு வகை மூன்றாவது. அப்போது கியர் உறை முதல் நாசில் வரை முழுத் தொகுதியாகவே மாற்ற வேண்டும். பெருநகரச் சாலையில் மிச்ச ஆயுள் குறைவாக உள்ள லாரிக்கு இந்த மூன்றாவது வழியின் செலவு திரும்பி வருவது அரிது. சாலைக்கு வராத படகு எஞ்சின், கல்லுடைக்கும் கம்ப்ரசர் போன்றவற்றில்தான் இன்று அதற்கு இடம் மிச்சமிருக்கிறது.