கடல் கடந்து வணிகம் பயிலும் மாணாக்கர்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தலைமுறைகளாக வாணிகம் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் மாலை என்னைத் தேடி வந்தார். மொழிபெயர்ப்பு என் உத்தியோகமாதலால், ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் அண்டை அயலார் என்னிடம் கொண்டு வருவது வழக்கம். அவருடைய பேத்தி வர்த்தகப் பட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவம் பயில அவளைத் தேர்ந்திருப்பதாகக் கடிதம் கூறிற்று.

“சார், பட்டம் இங்கேயா, அங்கேயா? பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாய்ப் போகுமா?” என்று அவர் கேட்டார். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் எழக்கூடிய ஐயம் இது. ஆகவே இதனைச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

அயல்நாடு சென்று பயில்வதில் இருவகை உண்டு. முதல்வகை, முழுப் படிப்பையும் அங்கேயே முடித்துப் பட்டம் பெறுவது. 1937-இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கே. ஆர். நாராயணன், ஜே. ஆர். டி. டாட்டாவின் உபகாரச் சம்பளம் பெற்று, 1945-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றது இவ்வகையைச் சேர்ந்தது. பிற்காலத்தில் அவர் நம் குடியரசுத் தலைவரானதை யாவரும் அறிவர்.

இரண்டாவது வகைக்குப் பரிவர்த்தனைக் கல்வி என்று பெயர். இரு பல்கலைக்கழகங்கள் தம்முள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. இங்கிருந்து ஒருவர் செல்வார். அங்கிருந்து ஒருவர் வருவார். மாணாக்கர் பெரும்பாலும் தம் கல்லூரிக்கே சம்பளம் கட்டுவர். அயல்நாட்டில் கற்பிக்கும் கட்டணம் இராது. பட்டம் அளிப்பதும் தாய்க் கல்லூரியே. ஐரோப்பாவில் 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இம்முறையைப் பெரிதும் பரப்பிற்று.

கட்டணம் இல்லை என்றவுடன் செலவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. பிரயாணம், தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்பீடு ஆகியவை பெரும்பாலும் குடும்பத்தின் பொறுப்பே. உபகாரச் சம்பளம் உண்டா, எவற்றுக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டறிதல் நலம்.

அடுத்து வருவது மதிப்பலகுக் கணக்கு. இதுவே தலையாயது. அக்காலத்தில் தமிழ்நாட்டு வியாபாரி படியிலும் மரக்காலிலும் அளந்தார். மலையாள நாட்டிலோ இடங்கழியும் பறையும் வழங்கின. ஓர் அளவை மற்றோர் அளவுக்கு மாற்றத் தெரியாதவருக்கு நட்டம் வந்தது. கல்வியிலும் அப்படியே. நம் நாட்டில் ஒரு மதிப்பலகு என்பது பொதுவாக ஒரு பருவத்தில் 15 மணி நேர வகுப்பைக் குறிக்கும். ஐரோப்பிய முறையிலோ, வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்ந்த 25 முதல் 30 மணி நேர உழைப்பே ஓர் அலகு. ஒரு பருவத்துக்கு அவ்வகை 30 அலகுகள். எனவே அங்குப் பெற்ற 30 இங்கு 30 ஆகாது.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இதனைப் பொருட்படுத்தாது சென்றார். நான்கு பாடங்களில் நன்கு தேறித் திரும்பினார். அவற்றுள் ஒன்று தம் பாடத்திட்டத்துக்கு ஒவ்வாதது என்று கல்லூரியில் கூறிவிட்டனர். அந்த ஒரு பாடத்துக்காக அவர் மீண்டும் தேர்வு எழுத வேண்டியதாயிற்று. கிடைத்திருந்த வேலையும் கைநழுவிற்று. புறப்படுமுன் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதை எழுதி, மாணாக்கரும் இரு கல்லூரியாரும் கையொப்பமிடும் கல்வி ஒப்பந்தம் ஒன்று இருந்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது.

நம்மவருக்கே உரிய மற்றொரு சங்கடம் முதலெழுத்து. பள்ளிச் சான்றில் “ச. மீனாட்சி” என்றிருக்கும், கடவுச்சீட்டிலோ “ச” என்பது தந்தையின் பெயராக விரிந்து குடும்பப் பெயராக அமையும். அயல்நாட்டார் அப்பெண்ணைத் தந்தையின் பெயராலேயே அழைப்பர். அதில் தவறில்லை, ஆனால் எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே வடிவில் இருத்தல் வேண்டும். சான்றுகளுக்கு அத்தாட்சி கேட்டால், அவற்றை வழங்கிய மாநிலத்தையே அணுக வேண்டும். கேரளத்துச் சான்றுகளுக்கு நார்க்கா ரூட்ஸ் நிறுவனம் உதவுகிறது. தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கு வந்தவர்கள் இதற்குப் போதிய கால அவகாசம் ஒதுக்கிக்கொள்ளல் வேண்டும். ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகளில் 90 நாட்களுக்கு மேல் தங்குவோர்க்குச் சுற்றுலா விசா போதாது; செல்லும் நாடு வழங்கும் நீண்டகால விசா தேவை.

இத்தனை சிரமம் எதற்கு என்று சிலர் வினவலாம். நகரத்தார் தம் இளைஞரைப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்றாண்டுத் தவணையில் அனுப்பித் தொழில் பழக்கினர். வேற்றூர்க் கடையில் அமர்ந்து, வேற்று மொழி பேசுவோருடன் கணக்குப் பார்த்த பின்பே ஒருவன் வணிகனானான். பல நாட்டு மாணாக்கருடன் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு நிறுவனத்தின் வரவு செலவை ஆராய்வதும் அத்தகைய பயிற்சியே. பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்த நமக்கு இது புதிதன்று.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் கூறினேன். கல்வி ஒப்பந்தத்தில் கையொப்பம் விழுந்த பிறகே அவர் பேத்திக்கு விமானச் சீட்டு வாங்கினார். நேயர்களும் அவ்வரிசையையே பின்பற்றுவார்களாக.