தீராத பிரேக் கோளாறு

பேராக்கில் பல இரப்பர்த் தோட்டங்கள் இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால், அக்காலத்துச் செம்மண் பாதைகளுக்கென்றே வாங்கப்பட்ட வண்டிகளின் வகை இன்னும் மறையவில்லை. அவற்றுள் பெயர்பெற்றது லேண்ட் ரோவர். 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குச் செல்வோர், காய்கறிக் கூடைகளைச் சுமந்து செல்லும் பழைய லேண்ட் ரோவர்களை அங்கு இன்றும் காணலாம்.

இவ்வகைப் பழைய வண்டிகளில் ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வரும். பிரேக் மிதி தளர்ந்து கீழே இறங்கும். பட்டறையில் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி அனுப்புவார்கள். இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடும். பிறகு, ஏதாவது ஓர் இறக்கத்தில் மிதி மறுபடியும் தரையைத் தொடும். காற்று நுழைந்தது உண்மையாக இருக்கலாம். அது நுழைந்த வழி அடைக்கப்படவில்லை. அந்த வழியைத் தேடுவதுதான் உண்மையான பழுதுபார்ப்பு.

அதற்கு பிரேக் இயங்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். இது 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கல் விளக்கிய விதி. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் தள்ளப்படுகிறது. அங்குள்ள சிறிய சிலிண்டர்கள் விரிந்து, பிரேக் ஷூக்களைச் சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. திரவத்தை எளிதில் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். அதனால்தான் குழாயில் சிறிது காற்று இருந்தாலும் மிதி பஞ்சுபோல் அமுங்குகிறது. இக்கால வண்டிகளில் இரண்டு தனித்தனி இணைப்புகள் இருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று ஓரளவு காப்பாற்றும். பழைய வண்டிகள் பலவற்றில் ஒரே இணைப்புதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களும் பிடியை இழக்கும்.

கருவிகள் எதையும் எடுக்கும் முன், நின்றுகொண்டிருக்கும் வண்டியில் மிதியை அழுத்திப் பார்ப்பது நல்லது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் மிதி மேலே வந்து கெட்டியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். அதைச் சரிசெய்தாலே போதும். மேலே வந்தும் பஞ்சுபோல் இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. ஒரே அழுத்தத்தில் காலை வைத்திருக்கும்போது மிதி மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ கசிகிறது என்று பொருள். சக்கரங்களின் உட்புறமும் குழாய் இணைப்புகளும் நனைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். எங்கும் ஈரமில்லை, கலத்தில் திரவத்தின் அளவும் குறையவில்லை என்றால், ஐயம் மாஸ்டர் சிலிண்டர் மீது திரும்பும்.

நம் பட்டறைகளில் ‘பிரேக் பம்பு’ எனப்படுவது இதுதான். இதனுள்ளே கிண்ண வடிவில் சிறிய இரப்பர்த் துண்டுகள் உள்ளன. அவை தேய்ந்தால் திரவம் முன்னே செல்லாமல் உள்ளேயே பின்னோக்கி நழுவும். பலர் இந்த இரப்பரை மட்டும் மாற்றுவார்கள். சிலிண்டரின் உட்சுவரில் துருவால் குழிகள் விழுந்திருந்தால், புதிய இரப்பரையும் அவை சில வாரங்களில் அரித்துவிடும். உட்சுவரைத் துடைத்து, விளக்கொளியில் பார்த்து, குழிகள் தெரிந்தால் சிலிண்டரையே மாற்றுவதுதான் சரி.

இன்னொரு காரணம் வெறும் பெயரால் வருகிறது. தமிழில் ‘பிரேக் எண்ணெய்’ என்கிறோம். மலாயில் ‘மிஞ்ஞாக் பிரேக்’. சாதாரண பிரேக் திரவமோ எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று. பெயரை நம்பி, திரவம் குறைந்த அவசரத்தில் எஞ்சின் எண்ணெயை ஊற்றினால், பிரேக்கின் உள்ளேயுள்ள இரப்பர்கள் அனைத்தும் ஊதிப்போகும். 1877-ஆம் ஆண்டிலேயே கோலகங்சாரில் இரப்பர்க் கன்று நட்ட மாநிலம் இது. எண்ணெய் பட்டால் இரப்பர் கெடும் என்பதை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையிராது. இப்படிக் கெட்ட வண்டியில் ஒரே ஓர் இரப்பரை மாற்றுவது வீண். குழாய்களைக் கழுவி, எல்லா இரப்பர்களையும் மாற்ற வேண்டும்.

சமவெளியில் நன்றாகப் பிடித்து, மலையிறக்கத்தில் மட்டும் கைவிடும் பிரேக்கும் உண்டு. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம் நாட்டில் ஈரத்துக்குக் குறைவில்லை. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்த பின்போ 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் அந்தச் சூடு எளிதில் வரும். திரவம் ஆவியானதும் மிதி சரேலென இறங்கும். வண்டி ஆறியதும் ஒன்றும் நடவாததுபோல் சரியாகிவிடும். இதனால் பட்டறையில் குறையைக் காட்டவே முடியாது. மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் அது வேறு. அளவுக்கு மீறிச் சூடேறிய ஷூக்கள் பிடியை இழந்துள்ளன. முன்னதற்குப் புதிய திரவம் வேண்டும். இரண்டுக்குமே தாழ்ந்த கியரில் இறங்கும் பழக்கம் வேண்டும். ஓடையைக் கடந்து நனைந்த ஷூக்களும் சிறிது நேரம் பிடிக்காமல் போகலாம். மெதுவாக ஓட்டியபடி மிதியை லேசாக அழுத்தினால் அவை காய்ந்துவிடும்.

கடைசியாக, சக்கரத்தருகே வளைந்து செல்லும் இரப்பர்க் குழாய். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உட்புறம் வீங்கி அடைத்திருந்தால், திரவம் அழுத்தத்தால் உள்ளே போகும். ஆனால் திரும்பி வராது. அந்தச் சக்கரத்தின் டிரம் மட்டும் கொதிக்கும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின், ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுசென்றால் வேறுபாடு தெரியும்.

எந்தப் பகுதியை மாற்றினாலும் வண்டியை முதலில் ஆளில்லாத சமதரையில், நடக்கும் வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் திரவத்தின் அளவையும் மிதியையும் மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டே மலைப்பாதைக்கு எடுத்துச் செல்வார்கள்.