பகலில் தெரியும் விடிவெள்ளி



சென்ற மாதம் குழுக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது ஒரு அக்கா கேட்டார்: "ஆழக் கிணத்துக்குள்ள இறங்கிப் பார்த்தா பட்டப்பகல்லயும் நட்சத்திரம் தெரியுமாமே, நிசமா?" பக்கத்தில் இருந்தவர், "கிணத்துக்கு எதுக்குப் போகணும், ரெண்டு வேளை பட்டினி கிடந்தா தானா தெரியும்" என்றதும் ஒரே சிரிப்பு.

கிணற்றுக் கதை உண்மையில்லை. பகலிலும் நட்சத்திரங்கள் வானத்தில்தான் இருக்கின்றன. ஆனால் சூரிய வெளிச்சம் காற்றில் பட்டுச் சிதறி, வானம் பூராவும் நீல வெளிச்சமாகப் பரவிவிடுகிறது. வெயிலில் ஏற்றி வைத்த அகல் விளக்கு மாதிரி, நட்சத்திர ஒளி அதில் எடுபடுவதில்லை. கிணற்றுக்குள் இருந்து பார்த்தாலும் மேலே தெரிவது அதே வானம்தானே!

நிலாவைப் பகலில் சுலபமாகப் பார்க்கலாம். வளர்பிறை அஷ்டமி என்றால் மாலை 4 மணிக்குக் கிழக்கே, தேய்பிறை அஷ்டமி என்றால் காலை 8 மணிக்கு மேற்கே நல்ல உயரத்தில், பாதித் தோசை போல வெளிறித் தெரியும்.

அதைவிட ஆச்சரியம் விடிவெள்ளி. இது நட்சத்திரம் இல்லை, வெள்ளி என்ற கோள். இது விடியலில் தெரிகிற மாதங்களில், வாசல் தெளிக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே உதிக்கிற சூரியனை வீட்டுச் சுவர் மறைக்கும்படி நிழலில் நில்லுங்கள். ஓட்டு முனை, தென்னங்கீற்று ஏதாவது ஒன்றை அடையாளம் வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். பொழுது நன்றாக விடிந்த பிறகும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கண்ணை எடுத்துவிட்டால் மறுபடி பிடிப்பது கஷ்டம்!

பிள்ளைகளுக்குக் காட்டும்போதுதான் கவனம் வேண்டும். சுவரைத் தாண்டி சூரியனைப் பார்க்க விடாதீர்கள். பைனாகுலர் கொடுக்கவே கூடாது. கண்ணுக்குள் இருக்கும் விழித்திரைக்கு வலி தெரியாது. அது வெந்து போனாலும் பிள்ளை அழாது. சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் கருப்பாக மறைக்குது என்று சொல்லும். கிரகணத்தின்போதும் இதே ஆபத்து. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் வளையக் கிரகணம் தெரிந்தது நினைவிருக்கும். எக்ஸ்ரே ஃபிலிம், கரி பிடித்த கண்ணாடி, தட்டில் தண்ணீர் எதுவும் கண்ணைக் காக்காது.

அப்படி மறைக்கிறது என்று பிள்ளை சொன்னால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.