கடல் கடக்கும் பாலைத்துகள்

1832ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ‘பீகிள்’ என்னும் கப்பல், ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளை நெருங்கிக்கொண்டிருந்தது. பாய்மர உச்சியில் கட்டியிருந்த மெல்லிய துணியில் பழுப்பு நிறத் தூள் படிந்திருப்பதை இளம் ஆய்வாளர் சார்லஸ் டார்வின் கண்டார், அதைச் சேகரித்துக்கொண்டார். பின்னர், இத்தகைய தூளை ஐந்து சிறு பொட்டலங்களாக ஜெர்மானிய அறிஞர் ஏரன்பெர்க்கிற்கு அனுப்பினார். அவற்றில் 67 வகை நுண்ணுயிர்ச் சுவடுகள் இருந்தன. நுண்ணுயிர்களுள் இரண்டு வகை தவிர மற்றவை நன்னீரில் வாழ்பவை! நடுக்கடலில் விழுந்த தூளில் நன்னீர் உயிர்களுக்கு என்ன வேலை?

விடை சகாராவில் இருக்கிறது. இன்று பாலையாகக் கிடக்கும் நிலத்தில் முன்பு ஏரிகள் இருந்தன. சாட் நாட்டின் போடெலே தாழ்நிலம் அத்தகைய பேரேரி ஒன்றின் அடித்தளமே. அந்நீரில் வாழ்ந்த டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் அடியில் படிந்தன. ஏரி வற்றியபின் அவை வெண்மையான பொடியாக வெளிப்பட்டன. திபெஸ்டி, என்னெடி ஆகிய மலைகளின் இடைவெளியில் சீறிவரும் காற்று அப்பொடியை வாரி எடுத்துச் செல்கிறது.

பாலைத்துகளில் மிகுதியாக இருப்பது, மணலிலும் உள்ள சிலிக்கன் டை ஆக்சைடு. அடுத்து, அலுமினியம் கலந்த களிமண் கனிமங்கள். துகளுக்குச் செந்நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. துருப்பிடித்த ஆணியின் நிறமும் இதனால் வருவதே. கடலில் விழும் இரும்பின் ஒரு பகுதி கரைந்து, மிதக்கும் நுண்பாசிகளுக்கு உணவாகிறது.

மிகக் குறைவாக இருக்கும் பாஸ்பரஸ்தான் வியப்புக்குரியது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் உள்ள அமேசான் காட்டில், ஓயாத மழை மண்ணின் சத்துகளை ஆற்றில் அடித்துச் செல்கிறது. பாஸ்பரஸ் இன்றி மரங்கள் வளர இயலா. 2007 முதல் 2013 வரை செயற்கைக்கோள் திரட்டிய தரவுகளைக் கொண்டு அறிவியலாளர் கணக்கிட்டனர். ஆண்டுதோறும் சுமார் 2.77 கோடி டன் துகள் அமேசான் படுகையில் விழுகிறது. அதில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 22,000 டன். ஆயிரம் கிலோ துகளில் ஒரு கிலோகூட இல்லை! ஆயினும் மழையும் வெள்ளமும் கொண்டுபோகும் பாஸ்பரஸின் அளவும் ஏறக்குறைய இதுவே என்பது அவர்கள் மதிப்பீடு. வற்றிய ஏரி, தொலைவிலுள்ள காட்டிற்கு உரமிடுகிறது.

இவ்வரவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். அக்காலத்தில் 2007இல் மிகுதியாகவும் 2011இல் மிகக் குறைவாகவும் துகள் வந்தது. சகாராவின் தென்விளிம்பில் மழை மிகுந்தால், அடுத்த ஆண்டில் கடல் கடக்கும் துகள் குறைவதை ஆய்வாளர் கண்டனர்.