உலாவிச் சோதனை நிரலில் வகுப்பும் பொருளும்

2004ஆம் ஆண்டு சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய செலினியம், இணைய உலாவியைத் தானே இயக்கிச் சோதிக்கும் கருவியாகும். இச்சோதனைகளில் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு வகுப்பு அமைப்பது சிறந்த முறையாகும். பெட்டி, பொத்தான் ஆகியவற்றின் இருப்பிடங்களும் செயல்களும் வகுப்பினுள் அடங்கும். சோதனை நிரல் அதன் பொருளை மட்டும் அழைக்கும்.

தேனி மாவட்ட ஊர்ப்பெயர்களைக் காட்டும் பக்கம் ஒன்று இதன் பயனை விளக்கும். அனுமந்தன்பட்டி என்பது ஒருங்குறியில் ஒரே வகையில் அமையும். போடிநாயக்கனூரின் ‘போ’ என்னும் எழுத்தோ, பகரமும் ஓகாரக் குறியுமாக 2 குறியீடுகளாலும், பகரம், ஏகாரக் குறி, கால் குறி என 3 குறியீடுகளாலும் அமையலாம். கண்ணுக்கு ஒன்றாயினும் கணினி இரண்டையும் வேறெனக் கொள்ளும். பிழையற்ற பக்கமும் சோதனையில் தோற்கும். பெயர்களை ஒப்பிடும் செயற்கூற்றை வகுப்பில் வைத்து, இரு வடிவங்களையும் அங்கேயே ஒன்றாக்கினால், ஓரிடத் திருத்தம் எல்லாச் சோதனைகளுக்கும் போதுமானதாகும்.